கதவுக்கு வெளியே இரண்டு தட்டுகள்

என் ராசா, தம்பி செல்வின்,

இன்று காலை எழுந்ததும் பல்கூடத் துலக்காமல் உன் அறைக்குப் போய்ப் படுக்கையை விரித்தேன். நீ சொல்லிக்கொடுத்த மாதிரியே, மூலைகளை உறைபோல மடித்து மெத்தைக்கு அடியில் செருகினேன். யாரும் படுக்காத படுக்கைக்கு எதற்குத் தினமும் இந்த வேலை என்று வீட்டில் இவர் ஒருநாளும் கேட்டதில்லை.

எந்த அறை என்று உனக்குத் தெரியும். கொரோனா வந்த வருடம், கப்பல் ஊழியர்களை ஊருக்கு அனுப்பப் போகிறார்கள் என்று பேச்சு அடிபட்டபோது, நீ வந்தால் தனியாக இருக்கட்டும் என்று ராமச்சந்திராபுரம் வீட்டில் நான் ஒழித்துவைத்த பின்னறை. நீ அதில் ஒரு ராத்திரிகூடப் படுக்கவில்லை.

விரித்துக்கொண்டிருக்கும்போதே எனக்கு எல்லாமே அருவருப்பாக இருந்தது. ஒரு வாரமாகவே இப்படித்தான் இருக்கிறது. உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்?

உன் கப்பல் கம்பெனி எங்களைக் கூப்பிட்டிருக்கிறது. கொரோனா காலத்தில் இறந்துபோன ஊழியர்களின் நினைவாக ஒரு பயணமாம். நீ வேலை பார்த்த அதே கப்பல். குடும்பத்துக்கு நான்கு பேர், எல்லாம் இலவசம். ஒருநாள் மாலை மேல்தளத்தில் கூடிக் கடலில் பூப் போடுவார்களாம். பிறகு விருந்து, பாட்டு. அன்று எங்கள் படுக்கைகளில் துவாலையால் மடித்த அன்னம் இருக்குமாம், கழுத்தில் உன் பெயர் எழுதிய அட்டையோடு. அந்த அன்னத்தையும் எவனோ ஒரு செல்வின்தானே மடிக்க வேண்டும்?

போனில் பேசிய பெண்ணுக்கு அவ்வளவு இனிமையான குரல். "செல்வின் எங்கள் குடும்பத்தில் ஒருவர், மேடம்" என்றாள். மேடையில் நான் கொஞ்சம் பேச வேண்டுமாம். என்ன பேசலாம் என்று அவர்களே எழுதி அனுப்பிவிடுவார்களாம். யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். அப்புறம் ஏனோ கையைக் கழுவினேன், சோப்புப் போட்டு.

கம்பெனிக்காரர்களாவது அந்நியர்கள். நம் பெரியப்பா மகன் ஜெயராஜ் அண்ணனுக்குச் செய்தி எப்படிப் போனதோ, ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து நேராக இங்கே வந்துவிட்டார், மதினியையும் கூட்டிக்கொண்டு.

"ஏட்டி கிரேசு, நாலு பேருக்குச் சும்மாவாமே! நக்கோ, வேண்டாம்னு சொல்லித் தொலைச்சிராத."

"பால்கனி ரூமாவே கேளு கிரேசு" என்றார் மதினி. "பால்கனி இல்லன்னா மூச்சு முட்டுமாம். அங்க நாம ஒரு துணிகூட மடிக்க வேண்டாமாம். அதுக்குன்னு ஒரு ரூம் பாய் இருப்பானாம், கூப்பிட்டதும் ஓடி வருவானாம்."

"அந்த ரூம் பாயத்தான் மதினி நாம செல்வின்னு கூப்பிட்டோம்."

மதினி முகம் சுண்டிப்போயிற்று. அண்ணன் முறுக்கைக் கடித்தபடி, "ஹவ், ஆமா, அதத்தான் நானும் சொல்லுதேன். அவன் ஓடியாடி வேல பாத்த எடத்துல நாம போயி கால நீட்டி உக்காந்தா, அவன் ஆத்துமாவுக்கும் சந்தோசம்லா?" என்றார்.

"ஒங்க காலுக்கும்தான்."

"என்னது?"

"ஒண்ணுமில்லண்ணே. காப்பி ஆறுது, குடிங்க."

இதே அண்ணன்தான் அன்று, நீ ஊருக்கு வரப்போகிறாய் என்ற பேச்சு வந்தபோது, குடும்ப வாட்ஸப் குழுவில் எழுதினார். 'அவன் கப்பல்லயே இருக்கட்டும். ஏசி ரூம், மூணு வேளை சாப்பாடு. இங்க வந்தா எல்லாருக்கும் ஒட்டிக்கிடும்.' கடைசியில் கும்பிடுகிற கைகள் வேறு. நீயும் அந்தக் குழுவில் இருக்கிறாய் என்பதை மறந்து எழுதினாரா, தெரிந்தே எழுதினாரா? நீ பதிலுக்கு வெறும் கட்டைவிரலை மட்டும் தூக்கிக் காட்டினாய். அதற்குப் பிறகு ஊருக்கு வருவதைப் பற்றி நீயாக ஒருமுறைகூடப் பேசவில்லை.

பயணிகளை எல்லாம் இறக்கி அனுப்பிவிட்டு உங்களை மட்டும் வைத்துக்கொண்டு கப்பல் கடலில் நின்றது. எந்தத் துறைமுகமும் உங்களை இறங்க விடவில்லை. ஆளுக்கொரு பயணிகள் அறையில் அடைத்தார்கள். நீ வருடக்கணக்காகக் கூட்டித் துடைத்த பால்கனி அறையே உனக்குக் கிடைத்தது. வீடியோவில் எப்படிச் சிரித்தாய்! "அக்கா, நானே கெஸ்ட், நானே ரூம் பாய். பெட்ட நானே போட்டு எனக்கு நானே டிப்ஸ் குடுத்துக்கிட்டேன். கஞ்சப் பய, கம்மியாத்தான் குடுத்தான்."

பிறகு காய்ச்சல் வந்தது. பக்கத்து அறையில் இருந்தவன் ரேமண்ட், உன்னோடு முன்பு கீழ்த்தளத்தில் ஒரே அறையில் படுத்த கோவாக்காரன். அவன் சொல்லித்தான் மீதி எனக்குத் தெரியும். காலையில் எழுந்ததும் அவன் சுவரை மூன்று தட்டுத் தட்டி "ஹவுஸ்கீப்பிங்!" என்பானாம். பயணிகள் சொல்கிற தோரணையில் நீ உள்ளிருந்து "லேட்டர் ப்ளீஸ்!" என்பாயாம். அந்த இரண்டு வார்த்தை வந்தால் நீ நன்றாக இருக்கிறாய் என்று அர்த்தம்.

ஒருநாள் பதில் வரவில்லை. வெளியே கால் வைத்தால் சம்பளம் போகும் என்று மிரட்டியிருந்ததால் அவன் கப்பல் அதிகாரிகளைப் போனில் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறான். "தூங்குவார், டாக்டர் வரும்போது பார்ப்பார்" என்றார்களாம். சுவரைத் தட்டித் தட்டிக் கத்தியிருக்கிறான். உன் கதவுக்கு வெளியே காலைச் சாப்பாட்டுத் தட்டு தொடாமல் கிடந்தது. சாப்பாடு கொண்டுவந்த ஆள் அதைப் பார்த்தும், பக்கத்திலேயே மதியத் தட்டையும் வைத்துவிட்டுப் போனானாம். அவனைச் சொல்லி என்ன? கதவைத் திறக்கக்கூடாது என்பது அவனுக்கு உத்தரவு. இரண்டு தட்டும் ஆறிய பிறகுதான் ரேமண்ட் பொறுக்கமாட்டாமல் வெளியே ஓடிவந்து கதவை இடித்தான். அது திறந்தபோது நீ போய்ச் சேர்ந்திருந்தாய்.

குடும்பத்தில் ஒருவர் என்றாளே அந்தப் பெண். குடும்பத்து ஆள் என்றால் கதவைத் திறந்து பார்க்க மாட்டார்களா?

உன் உடலை மட்டும் ஏதோ ஒரு துறைமுகத்தில் இறக்கி, அங்கேயே எரித்து, சாம்பலை ஒரு டப்பாவில் அனுப்பினார்கள். அப்பாவின் கல்லறையோடு சேர்த்து வைத்தோம். ஜெயராஜ் அண்ணன் கல்லறைத் தோட்டத்து கேட்டுக்கு வெளியே காரில் இருந்தபடியே ஜெபம் செய்தார், கண்ணாடியை ஏற்றிவிட்டு.

அதன்பிறகு ரேமண்ட் ஊர் போய்ச் சேரும்வரை தினமும் காலையில் நான் அவனைக் கூப்பிட்டு "ஹவுஸ்கீப்பிங்!" என்றேன். முதல் நாள் அழுதான். அடுத்த நாளிலிருந்து, "லேட்டர் ப்ளீஸ், தீதி!" தீதி என்றால் அக்கா. அதே வரிசை அறைகளில் இருந்த இன்னும் இரண்டு பேர், ஒருவன் மங்களூர், ஒருவன் கேரளா, எங்களையும் கூப்பிடுங்கள் என்று கேட்டார்கள். முகம் தெரியாத பிள்ளைகள். காலையில் ஒரு குரல் தங்களைத் தேடுகிறது என்பதற்கு மேல் அவர்களுக்கு எதுவும் வேண்டியிருக்கவில்லை. மூன்று பேரும் பத்திரமாக வீடு சேர்ந்தார்கள். உன் பெயரால் நடந்தவற்றில் அருவருப்பு இல்லாமல் நினைக்க முடிவது இது ஒன்றுதான்.

பயணத்துக்குப் பெயர் கொடு என்று கம்பெனியும் கேட்கிறது, அண்ணனும் கேட்கிறார். பூட்டிய கதவையும் ஆறிப்போன தட்டுகளையும் ஒரு கூடைப் பூவால் மூடிவிடலாம் என்று நினைக்கிறார்கள். வரமாட்டேன் என்று வீட்டில் உட்கார்ந்துகொள்ளத்தான் முதலில் நினைத்தேன். நான் போகாவிட்டால் அந்த மேடையில் உன் கதையை யார் சொல்வார்கள்? அவர்கள்தானே?

அதனால் இன்று காலை, கடைசி மூலையைச் செருகும்போது முடிவு செய்துவிட்டேன். இவரிடம் சொல்லவில்லை. ரேமண்டிடம்கூட இன்னும் கேட்கவில்லை. நான்கு இடத்துக்கும் நான், ரேமண்ட், அந்த இரண்டு பேர். குடும்பம் என்றுதானே கேட்டார்கள்? அந்தப் பிள்ளைகள் வர மறுத்தால் நான் தனியாகவே போவேன்.

பூப் போடமாட்டேன், செல்வின். மைக் கைக்கு வந்ததும் இரண்டு தட்டுகளைப் பற்றிச் சொல்வேன். பிறகு படியிறங்கி வந்து நீ கடைசியாகக் கிடந்த அறைக் கதவை மூன்று தட்டுத் தட்டுவேன். பதில் வராது என்று எனக்குத் தெரியும். ஆனால் இந்த முறை அவர்களே வந்து அந்தக் கதவைத் திறக்கும்வரை நான் அங்கிருந்து நகரமாட்டேன். இது சத்தியம்.

இன்னும் உனக்குப் படுக்கை விரித்துவைக்கிற
உன் அக்கா,
கிரேஸ்