சம்பந்தி வீட்டுக்கு ஒரு ஃப்ளாட் ஒயிட்

திருக்காட்டுப்பள்ளி,
ஆனி மாதம், புதன்கிழமை.

என் அன்பு மாமாவுக்கு,

உங்கள் மனைவி கனிமொழி எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம். கடையும் நலம், காபி மெஷினும் நலம். அங்கே உங்கள் நலத்தையும், அந்த ஓட்டல் ஏசி உங்கள் தொண்டையைப் படுத்தும் பாட்டையும் அறிய ஆவல்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கென்று சிரிக்காதீர்கள். போனில் நான் வாயைத் திறப்பதற்குள் உங்களுக்கு ஷிஃப்ட்டுக்கு நேரமாகிவிடும், இல்லாவிட்டால் எனக்கு அழுகை வந்துவிடும். தெருக்கோடி இப்ராஹிம் பாய் வெள்ளிக்கிழமை தோஹாவுக்குத் திரும்புகிறார். அவரிடம் முறுக்கோடு இதையும் கொடுத்தனுப்புகிறேன். ஓட்டலில் இன்னும் இரண்டு வருஷம் இருப்பதாகக் கையெழுத்துப் போடப் போகிறேன் என்றீர்களே, அந்தத் தாளை இதை முழுக்கப் படித்த பிறகு கையில் எடுங்கள்.

ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது. அம்மா குறுவைக்கு நாற்று விட்டிருக்கிறாள். முழங்கால் வலிக்கிறது என்பாள், வயலுக்குப் போகாதே என்றால் கேட்கமாட்டாள்.

கடை விஷயத்துக்கு வருகிறேன். திருக்காட்டுப்பள்ளியில் கப்புசினோவை எவன் குடிப்பான், ஓடாவிட்டால் மெஷினை வந்த விலைக்குத் தள்ளிவிடு என்றீர்கள். எவன் குடிக்கிறான் என்று கேளுங்கள். வீட்டிலிருந்தே பெங்களூர் கம்பெனிக்கு வேலை பார்க்கும் பிள்ளைகள் குடிக்கிறார்கள். பேங்க் ஷோபனா மேடம் குடிக்கிறார். உரக்கடைக்காரர்கூட ஒரு நாள் சண்டைக்கு வருவதுபோல வந்து, இப்போது தினமும் வருகிறார். முதலில் எல்லோருக்கும் ஒரே புகார்தான், "நுரையைக் குடுத்திருக்கீங்க, காபி எங்க?" என்று. இப்போது நான் மூச்சுவிடாமல் பதில் சொல்வேன். எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒரே எஸ்பிரஸோதான், பாலும் நுரையும்தான் ஆளை மாற்றுகிறது. லாட்டே என்றால் பால் தாராளம், மேலே மெல்லிசாக நுரை. கப்புசினோவில் பால் குறைவு, நுரை கனம். உதடு முதலில் நுரையில்தான் படவேண்டும். ஃப்ளாட் ஒயிட்டில் நுரை தனியாகத் தெரியவே கூடாது. பாலோடு கலந்து வழவழவென்று இறங்கவேண்டும், காபி தூக்கலாக நிற்கவேண்டும். எல்லாம் நீங்கள் போன் திரையில் காட்டிக்காட்டி, திட்டித்திட்டிச் சொல்லிக்கொடுத்ததுதான். நீராவிக் குழாயின் நுனியைப் பாலின் மேல்மட்டத்தில் வைத்து, சீறல் கேட்டதும் உள்ளே இறக்கிச் சுழலவிட்டு, பாத்திரத்தில் வைத்த கை சூடு தாங்காத நேரத்தில் நிறுத்தவேண்டும். பால் குளிர்ந்தே இருக்கவேண்டும், கொதித்தால் தொலைந்தாய் என்று எத்தனை முறை கத்தியிருப்பீர்கள்!

வைகாசியில் சாமா சார் மகள் அம்ருதாவுக்குக் கல்யாணம். லீவில் வரும்போதெல்லாம் நம் கடைக்கு வருகிற பெண். வரவேற்பு அன்று மண்டபத்தில் மெஷினை வைத்துக் காபி போடவேண்டும் என்று அவளே வந்து கேட்டாள். அவர்கள் வீட்டுக் கல்யாணத்தில் சம்பந்திகள் காபியை வைத்துத்தான் எல்லாவற்றையும் எடை போடுவார்கள் என்று உங்களுக்கே தெரியும். சாமா சாருக்கு இதில் இஷ்டமில்லை. அம்மாவுக்கோ பயம். அந்த வீட்டு வயலில் காலமெல்லாம் நடவு நட்டவள் இல்லையா? கொல்லைப்பக்கம் நின்று, எட்ட இருந்து ஊற்றிய காபியைக் குடித்தவள். "ஒரு குறைன்னா நம்மளத்தான் பேசுவாங்க, வேணாண்டி" என்றாள். அதற்காகவே போகிறேன் என்றேன். நான் யார் பேச்சைக் கேட்டிருக்கிறேன்?

மெஷினைக் குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய், நான் மண்டபத்து முகப்பில் பொருத்திக்கொண்டிருந்தேன். உதவிக்கு வந்த அம்மா பின்கட்டில் என்ன செய்தாள் தெரியுமா? ஐஸில் வைத்திருந்த பாக்கெட் பால் அத்தனையையும் அண்டாவில் கொட்டி, சமையல்காரர் அடுப்பில் ஏற்றிப் பொங்கப் பொங்கக் காய்ச்சிவிட்டாள். "பச்சப்பால அவங்க வாயில வச்சா நாளைக்கு உன் பேரு என்னாகும்?" என்கிறாள். என் பேரைக் காப்பாற்றத்தான் செய்திருக்கிறாள், எப்படித் திட்டுவது? வேறு பால் வாங்க பூத்தும் மூடியாயிற்று. மாப்பிள்ளை வீட்டார் வாசலில் இறங்கிக்கொண்டிருக்கிறார்கள்.

இருந்த ஐஸ் போதாமல் ஐஸ்கிரீம்காரரிடமும் கெஞ்சி வாங்கி, பாலை ஏடு வடிகட்டிப் பாத்திரம் பாத்திரமாக அதற்குள் இறக்கினேன். குளிர்ந்ததும் நீராவி கொடுத்துப் பார்த்தால், நுரை எழும்புகிறது, நிற்காமல் அமுங்கிவிடுகிறது. பலகையிலோ கப்புசினோ என்று பெரிதாக எழுதி வைத்திருக்கிறது. உங்களுக்குப் போன் போட்டேன், நீங்கள் ஷிஃப்ட்டில் இருந்தீர்கள். அப்போது உங்கள் திட்டுதான் காதில் கேட்டது. நுரை நிற்கவில்லையா, நிற்கவேண்டாத காபியைப் போடேன்! பலகையைத் துடைத்துவிட்டு ஃப்ளாட் ஒயிட் என்று எழுதினேன்.

மாப்பிள்ளையின் அப்பா ஹரிஹரசுப்ரமணியன் மும்பைக்காரர். அதற்குள் மண்டபத்து மின்விசிறி முதல் மாலை வரைக்கும் குறை சொல்லி முடித்திருந்தார். முதல் கப்பை அவரிடம்தான் நீட்டினேன். வாங்கியவர் பழக்கத்தில் டபராவைத் தேடினார். இல்லை என்றதும் முகத்தைச் சுளித்துக்கொண்டு ஒரு வாய் குடித்தார். பிறகு இன்னொரு வாய். கப்பைக் காலி செய்துவிட்டு, "பேஷ், யாரு போட்டது? இன்னொண்ணு குடும்மா" என்றார். சாமா சாருக்கு அப்போதுதான் மூச்சே வந்தது. "நம்ம காளியம்மா பொண்ணு" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். அதற்கப்புறம் வரிசைதான் மாமா. பட்டுப்புடவைகள், கோட்டு சூட்டுகள், கடைசியில் சமையல்காரரே தோளில் துண்டோடு வந்து நின்றார்.

அம்மாவைத் தேடினால், கொல்லைக் கதவோரம் நின்றுகொண்டிருந்தாள். யாரும் நிற்கச் சொல்லவில்லை, கால் தானாக அங்கே போயிருக்கிறது. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து, முன்வரிசை நாற்காலியில் உட்காரவைத்து, அதே வெள்ளைக் கப்பில் அவளுக்கும் ஒன்று கொடுத்தேன். யாராவது ஏதாவது சொல்லியிருந்தால் நானும் சொல்லியிருப்பேன். அம்மா ஒரு வாய் குடித்துவிட்டு, "சூடே இல்லயேடி" என்றாள். ஆனால் கடைசிச் சொட்டு வரை குடித்தாள். இப்போது தெருவில் போகிறவர் வருகிறவரையெல்லாம் நிறுத்தி, சம்பந்தி வீடே என் மகளுக்காக வரிசையில் நின்றது என்கிறாள். எனக்கும் பெருமையாகத்தான் இருக்கிறது. அதை ஏன் மறைக்கவேண்டும்?

ஆவணியில் மூன்று கல்யாணத்துக்குக் கேட்டிருக்கிறார்கள். கொட்டையை அரைத்து இறக்க ஒரு கை, பாலுக்கு ஒரு கை வேண்டும். தனியாளாக என்னால் முடியாது. வேலைக்கு ஆள் வைத்துக்கொள் என்பீர்கள். வைத்துக்கொள்ளலாம். ஆனால் மாமா, நீங்கள் புறப்பட்டுப் போன பிறகுதான் மெஷின் வந்தது. ஊரெல்லாம் என் காபியைப் புகழ்கிறது. அந்த ஓட்டலில் யார் யாரோ தினமும் உங்கள் கையால் வாங்கிக் குடிக்கிறார்கள். நீங்கள் போட்டதை நான் இன்னும் ஒரு வாய்கூடக் குடித்ததில்லை. நான் போடுவது சரிதானா என்று எனக்கு எப்படித் தெரியும்?

கையெழுத்துப் போடாமல் வாருங்கள். கல்லாவுக்குப் பக்கத்து நாற்காலியில் நான் உட்கார்ந்துகொள்கிறேன். எனக்கு ஒரு ஃப்ளாட் ஒயிட் போட்டுக் கொடுங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் வரவுக்குக் கப்பைக் கழுவி வைத்திருக்கும்,
கனிமொழி.