மீந்துபோன ஒன்பது துண்டுகள்

இராஜபாளையம்
14.8.1989

அன்பு மகள் பரிபூரணத்துக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் சிங்கப்பூரில் ஒரு நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று விளக்கேற்றும்போதெல்லாம் கேட்டுக்கொள்கிறேன். இங்கே எங்கள் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, இரண்டு பேருக்கும் சாப்பாடு செல்கிறது, ஆனால் நலம் என்று ஒரே வார்த்தையில் எழுதிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போக எனக்கு மனசு வரவில்லை. நீ அனுப்பிய படகுதான் காரணம். நல்லதுக்குத்தான் அனுப்பினாய், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் இந்த வீட்டில் இப்போது நடப்பது எனக்குப் பாதி விளங்குகிறது, பாதி விளங்கவில்லை. விளங்கியவரைக்கும் எழுதுகிறேன், நீ படித்தவள், கோத்துப் பார்த்துக்கொள்.

பார்சல் ஆனி மாத நடுவில் வந்தது. உன் கடிதம் அதற்கு நாலு நாள் கழித்துத்தான் வந்தது, அதனால் வந்த வினை இது. அட்டைப்பெட்டி மேல் சிவப்பு அடிவயிறும் கறுப்புப் புகைக்கூண்டுமாக அழகான படகுப் படம். உள்ளே திறந்தால் படகைக் காணோம், சாம்பல் நிறத்தில் பிளாஸ்டிக் சட்டம் சட்டமாக, அதில் துண்டும் துணுக்குமாக ஒட்டிக்கொண்டு கிடக்கிறது. கையெழுத்து வாங்க நின்ற போஸ்ட்மேன் மலைச்சாமி எட்டிப் பார்த்துவிட்டு, “எக்கா, சாமான் நொறுங்கிப்போயில்ல வந்திருக்கு, வழியில எவனோ தூக்கி எறிஞ்சிருக்கான்” என்றார். மகள் ஆசையாக அனுப்பியதை இப்படிப் பண்ணிவிட்டார்களே என்று பெட்டியோடு போஸ்ட் ஆபீசுக்குப் போய்விட்டேன். அங்கே மூன்று பேர் சுற்றி நின்று பார்த்தார்கள், ஒருவருக்கும் தலையும் வாலும் தெரியவில்லை. போஸ்ட்மாஸ்டர் ஒரு தாளில் ‘படகு, ஒன்று, சுமார் நூறு துண்டுகளாக உடைந்த நிலையில்’ என்று புகார் எழுதி என்னிடம் கையெழுத்தும் வாங்கினார். பிறகு உன் கடிதம் வந்து, இது வீட்டில் இருந்து ஒட்டிச் சேர்க்க வேண்டிய சாமான், அப்பாவுக்குப் பொழுதுபோகும் என்று படித்ததும் நான் போய்ப் புகாரை வாபஸ் வாங்கினேன். இப்போதும் அந்தப் பக்கம் போனால் போஸ்ட்மாஸ்டர், “என்னம்மா, படகு கரை சேந்துச்சா” என்று கேட்கிறார். நான் சேலை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்துவிடுகிறேன்.

ரிட்டையர் ஆனதிலிருந்து அப்பா சும்மாவே இருக்கிறார் என்று நான்தான் எழுதினேன், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கடலே இல்லாத ஊருக்குப் படகு ஏன் என்று எனக்கு இன்னும் புரியவில்லை, துணி உலர்த்துகிற கொடி மாதிரி ஏதாவது உபயோகமான சாமான் அனுப்பியிருக்கலாம். சரி, போகட்டும். அப்பா முதல் நாளே மில்லில் வேலை பார்த்த காலத்து ஃபிட்டராக மாறிவிட்டார். ஜன்னல் பக்கம் மேஜையை இழுத்துப் போட்டார். என் முறத்தை எடுத்துத் துண்டுகளைப் பரப்பினார். முள் எடுக்கிற இடுக்கியையும் எடுத்துக்கொண்டார். ஃபேன் போட்டால் துணுக்குப் பறக்கும் என்று இந்த வெயிலில் ஃபேனை நிறுத்திவிட்டார். அந்த அறையைக் கூட்டக் கூடாது, கூட்டினால் குப்பையை அரிப்பில் போட்டு அரித்துக் காட்ட வேண்டும் என்று எனக்கு உத்தரவு. நான் கோபப்பட்டேன்தான், ஆனாலும் அவர் காலையில் காபி குடித்ததும் யாரோ காத்திருப்பது போல மேஜைக்குப் போவதைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது. தலைமுடி மாதிரி கைப்பிடிக் கம்பிகள், படகின் பக்கவாட்டில் தொங்குகிற நகத்தளவு டயர்கள், அதையெல்லாம் மூச்சை அடக்கிக்கொண்டு ஒட்டினார். இருபது நாளில் படகு முடிந்தது. உண்மையைச் சொல்ல வேண்டும், பெட்டி மேல் இருந்த படத்தைவிட நன்றாக இருந்தது. பக்கத்து வீட்டு இசக்கியம்மாள் வந்து பார்த்துவிட்டு அவளுடைய வீட்டுக்காரரையும் கூட்டி வந்து காட்டினாள்.

முடிந்த அன்றைக்குத்தான் தொடங்கியது. முறத்தில் ஒன்பது துண்டு மீந்துவிட்டது. அப்பா அதை ஒரு காபித் தட்டில் எடுத்து வைத்துக்கொண்டு பொழுதுக்கும் படகைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பெட்டியோடு வந்த தாளில் அந்த ஒன்பது துண்டுக்கும் படம் இருக்கிறது, அதன் மேல் சாம்பல் பூசிப் பெருக்கல் குறி போட்டிருக்கிறான். மேலத்தெரு காசிராஜன் சாரிடம் கொண்டுபோய்க் காட்டினோம், இங்கிலீஷ் வாத்தியார். அவர் எல்லாவற்றையும் வாசித்தார், ஆனால் அந்தக் குறிக்குப் பக்கத்தில் மட்டும் ஜப்பான் எழுத்துத்தான் இருக்கிறது, இங்கிலீஷ் இல்லை. வேண்டாத துண்டாக இருக்கும் என்று அவர் சொன்னார். நானும் அதையேதான் சொன்னேன், புதுச் சட்டை வாங்கினால் உள்பக்கம் ஒரு பொத்தான் கூடத் தைத்துத் தருகிறானே, அது மாதிரி என்றேன். அப்பா கேட்கவில்லை. “சட்டையும் படகும் ஒண்ணா, வேலையத்துப்போயா ஒருத்தன் ஒம்பது துண்ட வார்த்து அனுப்புவான்” என்கிறார். அந்தப் பெருக்கல் குறிக்கு அவர் வேறு அர்த்தம் வைத்திருக்கிறார். மில்லில் ஃபிட்டர் ஒரு மெஷின் மேல் சாக்பீஸில் அப்படிக் குறி போட்டால் ஓட்டாதே, திரும்பத் திறக்க வேண்டும் என்று அர்த்தமாம். ஜப்பானிலும் ஃபிட்டர் ஃபிட்டர்தானே என்கிறார்.

அப்படியே திறக்கவும் திறந்தார். பசை போட்டது இலேசில் விடுமா, பிளேடால் கீறிக் கீறி மேல்தட்டைப் பெயர்த்தார். திரும்ப ஒட்டினார், திரும்பவும் ஒன்பது. ஆடிப்பூரத் தேருக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் வெள்ளத்தாய் சித்தி எங்கள் இரண்டு பேரையும் வரச் சொல்லி ஆள் அனுப்பியிருந்தாள். அவளுடைய மூத்தவன் மிலிட்டரியில் இருந்து லீவில் வந்திருக்கிறான், உடம்பு நன்றாக இருக்கிறது, மீசை வைத்திருக்கிறான், உன்னைக் கேட்டான். அப்பா, பசை காயவில்லை, நீ போயிட்டு வா என்றுவிட்டார். கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்தில் தேருக்கு நான் தனியாகப் போனது இதுதான் முதல் தடவை. சித்தி ஏன் அத்தான் வரவில்லை என்று கேட்டதற்கு, படகைக் கழற்றிக்கொண்டிருக்கிறார் என்று சொல்ல வாய் வரவில்லை, கால் வலி என்றேன். சாயங்காலம் திரும்பி வந்து பார்த்தால் மூன்றாவது தடவையாகத் திறந்து கிடக்கிறது, புகைக்கூண்டுக்குக் கீழே வெள்ளையாக ஒரு கீறல் ஓடிவிட்டது. அப்பா சாப்பிட்டிருக்கவில்லை. மனுஷனுக்குப் புத்தி பேதலித்துவிட்டதா என்று அன்றைக்கு நான் உண்மையாகவே பயந்தேன்.

போன வியாழக்கிழமைதான் எனக்கு உறைத்தது. மம்சாபுரம் ஆண்டிச்சாமி மாமா வந்திருந்தார். மகளுக்கு ஆவணியில் கல்யாணம், பத்திரிகை வைக்க வந்தார். உனக்கு ஞாபகம் இருக்கும், வலது கையில் இரண்டு விரல் இருக்காது, சின்னப் பிள்ளையில் நீ விரல் எங்கே என்று கேட்டதற்குக் காக்கா தூக்கிவிட்டது என்று சொல்லி உன்னை ஏமாற்றுவார். அவர் உள்ளே வருகிற சத்தம் கேட்டதும் அப்பா அந்தக் காபித் தட்டை எடுத்துப் பேப்பருக்குக் கீழே ஒளித்துவைத்தார். திருடியதை மறைக்கிற ஆள் போல அவர் வாசலைப் பார்த்துக்கொண்டே பேப்பரை நீவியதை நான் அடுப்படி வாசலில் இருந்து பார்த்தேன். மாமா படகைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, “எம்புட்டு நேர்த்தியா இருக்கு அண்ணாச்சி, உங்க கைய சும்மாவா சொன்னாக” என்றார். நான் சொம்பில் தண்ணீர் கொடுத்ததும் அப்பா அதை மாமா கையில் கொடுக்காமல் தானே வைத்துக்கொண்டு நின்றார்.

உனக்குச் சொல்லாத ஒன்றை இப்போது சொல்கிறேன். உனக்கு அப்போது ஐந்து வயது. மில்லில் பஞ்சைச் சிக்கெடுக்கிற ஒரு கார்டிங் மெஷினை அப்பா முழுசாகக் கழற்றிச் சுத்தம் பண்ணித் திரும்பப் பூட்டினார். பூட்டி முடித்தபோது தட்டில் ஒரு போல்ட் மீந்திருந்தது. அது அந்த மெஷினுடையதா, முன்னாலேயே தட்டில் கிடந்ததா என்று அவருக்குச் சந்தேகம். திரும்பத் திறக்கிறேன் என்று சாக்பீஸில் குறியும் போட்டார். மேலே இருந்தவர்கள் வேலை நிற்கிறது, ஓட்டு என்றார்கள். இவரும் குறியை அழித்துவிட்டார். நாலாம் நாள் பல்சக்கரத்து மூடி கழன்று, ஆண்டிச்சாமி மாமாவின் கை உள்ளே போய்விட்டது. விசாரித்தார்கள், பழைய மரை தேய்ந்து போனதால் கழன்றது, ஃபிட்டர் வேலையில் குறை இல்லை என்று எழுதியே கொடுத்தார்கள். மாமாவும் ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டே, “அண்ணாச்சிய ஒண்ணும் சொல்லாதிய” என்றுதான் சொன்னார். ஆனால் அந்த போல்ட் எதனுடையது என்பது மட்டும் இன்று வரை யாருக்கும் தெரியாது. அன்றையிலிருந்து உன் அப்பா ஒரு பொத்தான் தைத்தால்கூட ஊசியை எண்ணி வைக்கிற ஆள். உன் விளையாட்டுச் சாமானைப் பழுது பார்த்தாலும் தட்டு காலியாகாமல் எழுந்திருக்க மாட்டார், அதை நீயும் பார்த்திருப்பாய், காரணம் உனக்குத் தெரியாது.

மாமா போன பிறகு அப்பாவிடம் நேராகவே கேட்டேன், இது படகா, இல்லை அந்த மெஷினா என்று. “ஒனக்கு மெஷினப் பத்தி என்ன தெரியும், சும்மா இரு” என்றார். உண்மைதான், எனக்கு என்ன தெரியும். இருபது வருஷமாக நீங்கள் தப்புச் செய்யவில்லை என்று நான் சொல்கிறேன், மெஷின் தெரியாதவள் சொல்லி அவருக்கு ஏறுமா. இப்போது நாலாவது தடவை திறக்கப்போகிறேன் என்கிறார். இன்னொரு தடவை பிளேடு பட்டால் அந்தப் படகு தாங்காது, அது உடைந்தால் அவரும் தாங்க மாட்டார். அதனால் பிளேடை அரிசிப் பானைக்குள் போட்டு மூடிவிட்டு இதை எழுதுகிறேன்.

நீ சாமான் வாங்கின கடையில் போய்க் கேள். அந்த ஒன்பது துண்டும் கூடுதலாகப் போட்டதுதான் என்று அவன் சொன்னால் அப்படியே எழுது. அவனுக்குத் தெரியவில்லை என்றாலும் அப்படியே எழுது. இல்லை, இது உள்ளே வைக்க வேண்டிய துண்டு என்று சொன்னாலும் நீ கூடுதல் என்றே எழுது. மகளைப் பொய் எழுதச் சொல்கிறேனே என்று எனக்கே குழப்பமாகத்தான் இருக்கிறது, எது சரி என்று யோசித்து யோசித்துத் தலை வலிக்கிறது. ஆனால் ஆண்டிச்சாமி மாமா வீட்டுக் கல்யாணத்துக்கு இவர் தலை நிமிர்ந்து வர வேண்டும், எனக்கு அது போதும்.

நீ குளிர்ந்த தண்ணீரில் தலைக்கு ஊற்றாதே, உனக்குச் சேராது. மாப்பிள்ளை டூட்டி முடிந்து வரும் வரை பட்டினியாகக் காத்திருக்காதே, நீ முதலில் சாப்பிடு, அவிய ஒன்றும் சொல்ல மாட்டாக. மடி நிறைந்து, மனசு நிறைந்து நீங்கள் இரண்டு பேரும் நல்லா இருக்க வேண்டும் என்று நானும் அப்பாவும் வாழ்த்துகிறோம்.

மறக்காமல் அப்பா பெயருக்குத் தனிக் கவர் போடு, நான் சொல்லி எழுதியதாகத் தெரியக் கூடாது. கம்பெனிக்காரனே சொன்னான் என்று எழுது, அவருக்கு ஃபிட்டர் சொன்னால்தான் காதில் ஏறும். உங்கள் வேலையில் ஒன்றும் விட்டுப்போகவில்லை அப்பா என்ற வரியை மட்டும் இரண்டு தடவை எழுது. ஒரு தடவை இந்தப் படகுக்கு, இன்னொரு தடவை அந்த கார்டிங் மெஷினுக்கு.

இப்படிக்கு
உன் அம்மா
செல்லக்கனி