கடைமடைக்கு முதல் தண்ணீர்

அண்ணாச்சி,

முந்தாநாள் காலையில் கடையைத் திறந்து சாம்பிராணி போட்டுக்கொண்டிருந்தேன். கால்வாயின் கடைசி மடையில் பயிர் வைக்கிற கடைமடை சுடலை ஒரு மூட்டையைத் தோளில் சுமந்துகொண்டு வந்தான். பிசானப் பருவத்துக்கு இப்போதுதான் நாற்றுப் பாவியிருக்கிறார்கள், இவன் எந்த நெல்லைக் கொண்டுவருகிறான் என்று நான் யோசிப்பதற்குள் அதை எடை மெஷின்மேல் தொப்பென்று போட்டான். தண்ணீர் சொட்டியது. சாம்பிராணி வாசத்தை அமுக்கிக்கொண்டு கால்வாய்ச் சேற்றின் வாடை கடை முழுக்கப் பரவியது.

"எடை போடுங்க மொதலாளி."

"என்னடே இது?"

"இந்தப் பிசானத்துல எங்களுக்கு வெளைஞ்சது. உள்ள மணலு. சாக்கு மட்டும் உங்களுது."

புரட்டிப் பார்த்தேன். நீல மையில் என் கடையின் இரட்டைப் பனை முத்திரை. "நெல்லு மூட்டையில பனையப் போட்ட ஒரே யாவாரி நீருதாம்வே" என்று நீங்கள் கேலி பண்ணுவீர்களே, அதே முத்திரை. உங்கள் தலைமடை வயலைக் குத்தகைக்கு எடுத்து வாழை வைத்திருக்கிற பையன் என்னிடம் பழைய சாக்கு வாங்கிப்போனான். எதற்கு என்று நான் கேட்கவில்லை. சாக்கு வாங்க வருகிறவனிடம் யார் கேட்கிறார்கள்? மண்ணை நிரப்பிக் கால்வாயின் குறுக்கே அடுக்கியிருக்கிறான். தண்ணீர் ஏறி அவன் வயலில் பாய்கிறது. கீழே சுடலையின் நாற்று காய்கிறது.

ராதாபுரம் பக்கத்துப் பனங்காட்டிலிருந்து அம்பாசமுத்திரத்துக்கு நான் நெல் வாங்க வந்த முதல் வருஷம் நினைவுக்கு வந்தது. கால்வாயில் தண்ணீர் திறந்து நுரைத்துக்கொண்டு போகிறது. முதல் மடையே உங்களுடையது. அதை அடைத்துவிட்டு, வெடித்துக் கிடந்த வயலின் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தீர்கள். எனக்கு உங்கள்மேல் சந்தேகமே வந்துவிட்டது, ஆள் சரியில்லையோ என்று.

"என்ன அண்ணாச்சி, வாசல்ல வந்த லட்சுமிய அனுப்பிவைக்கீங்க?"

"கடைமடைக்குத்தாம்வே மொதத் தண்ணி. நமக்குக் கடைசி."

"அம்புட்டு தர்மவானா நீங்க?"

"தர்மமாவது மண்ணாங்கட்டியாவது! தண்ணி கீழ போகலன்னா அருவா மேல வரும். அவ்வளவுதான்."

அன்றைக்குத்தான் உங்களை எனக்குப் பிடித்தது. தர்மம் பேசுகிறவனோடு வியாபாரம் பண்ணுவது கஷ்டம். கணக்குப் பேசுகிறவனை நம்பலாம்.

எங்கள் ஊரில் அவனவனுக்கு அவனவன் கிணறு, அவனவன் பனை. பக்கத்து வீட்டுக்காரனிடம் சாகும்வரை பேசாமல் இருந்தாலும் பதநீர் இறங்கத்தான் செய்யும். நெல் அப்படி விடாது என்பதை உங்கள் ஊரில்தான் பார்த்தேன். ஒரே கால்வாயில் இத்தனை பேர் வாய் வைத்துக் குடிக்கவேண்டியிருந்தால், பகையைக்கூட முறை வைத்துத்தான் வளர்க்க முடியும். முந்தின நாள் கோயில் கொடைவிழாவில் சட்டையைப் பிடித்துச் சண்டை போட்டவர்கள், மறுநாள் கால்வாய் தூர்வார ஒரே வரிசையில் மண்வெட்டியோடு இறங்கியதைப் பார்த்திருக்கிறேன். கோயில் வந்தது, ஊர்க்கூட்டம் வந்தது, யார் முன்னால் யார் துண்டை இடுப்பில் கட்டவேண்டும் என்கிற அக்கிரமமும் வந்தது. எல்லாம் இந்தத் தண்ணீர் வழியாகத்தான். தலைமடை நிலம் யாருடையது, கடைமடை நிலம் யாருடையது என்று பார்த்தால் போதும், ஊரின் சாதி வரிசை தெரிந்துவிடும். உங்கள் ஆட்கள் மேலே, சுடலையின் ஆட்கள் கீழே. இதை உங்கள் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறேன். "ஆமாவே, அதனாலதான் தண்ணியாவது மொதல்ல அவனுக்குப் போவட்டும்" என்றீர்கள். மேலே இருப்பவன் மேலேயே இருப்பதற்குக் கொடுக்கிற விலை அது. அந்த விலையை நீங்கள் ஒரு பிசானத்திலும் பாக்கி வைத்ததில்லை.

போன சித்திரையில் நீங்கள் போய்ச் சேர்ந்தீர்கள். பெங்களூரில் இருக்கிற உங்கள் பையன் வயலைக் குத்தகைக்குப் பேசி முடித்தான். மண் எப்படி, மோட்டார் உண்டா, வரப்பு எதுவரைக்கும், எல்லாம் சொல்லியிருக்கிறான். கடைமடை விஷயத்தைச் சொல்லவில்லை. அவனுக்கே தெரியாது. உங்களுக்கு அது சொல்லவேண்டிய ஒன்றாகத் தோன்றியிருக்காது. மூச்சு விடுவதை யார் பிள்ளைக்குச் சொல்லிவைக்கிறார்கள்?

மத்தியானம் தலைமடைக்குப் போனேன். குத்தகைக்காரப் பையன் கெட்டவன் இல்லை. உட்காரச் சொல்லி இளநீர் வெட்டினான்.

"அண்ணாச்சி, ஏத்தன் வாழை தார் தள்ளுத நேரம். இப்ப தண்ணி இல்லன்னா நான் துண்டத் தலையில போட வேண்டியதுதான். கடைமடைக்கு மொதல்ல விடணும்னு எங்கனயாவது எழுதியிருக்கா?"

"எழுதலடே."

"நீங்க யாவாரிதான? மொதல்ல வந்தவன நிறுத்திட்டு, கடைசியில நிக்கவனுக்கா சரக்குக் குடுப்பீங்க?"

இளநீர்க் கூட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்தேன் அண்ணாச்சி. அவன் இடத்தில் நான் இருந்தால் அதையேதான் கேட்டிருப்பேன்.

திரும்பி வரும் வழியில் கொல்லன் பட்டறை வாசலில் சுடலை நின்றான். கூட இன்னும் இரண்டு பேர். சாணைக்கல்லில் பொறி பறந்தது. மூன்று அரிவாள். என்னைப் பார்த்துச் சுடலை வணக்கம் வைத்தான், எப்போதும் வைப்பதைவிட மரியாதையாக. கதிர் அறுக்க மெஷின் வந்து எவ்வளவோ காலம் ஆயிற்று. நாற்றுப் பாவிய மாதத்தில் அரிவாளுக்கு என்ன வேலை?

பைக்கைத் திருப்பினேன். பையனிடம் போய், "தார் எளைச்சாலும் பெருத்தாலும் இன்னைக்குப் பேசுத வெலைக்கு நான் எடுத்துக்கிடுதேன். சாக்கத் தூக்கு" என்றேன். வாழை வியாபாரத்தில் எனக்கு அ, ஆ தெரியாது. நட்டம் வரலாம். ஆனால் கடைமடை காய்ந்தால் என் கடைக்கு நெல் எங்கிருந்து வரும்? அரிவாள் விழுந்துவிட்டால் அப்புறம் இந்தக் கால்வாயில் எவன் எவனோடு சேர்ந்து தூர்வாருவான்? எனக்குத் தெரிந்த கணக்கு இதுதான். பையன் ஒரு வாழையின் அடியில் குத்தவைத்து மண்ணைக் கிள்ளிப் பார்த்தான். "காலைல வாங்க, பாப்போம்" என்றான்.

நேற்று விடியக் காலையிலேயே போய்விட்டேன். பையனும் நானுமாகச் சாக்குகளை இழுத்துக் கரையில் போட்டோம். அடைந்து கிடந்த தண்ணீர் ஒரு குலுக்குக் குலுக்கிக் கீழே ஓடியது. அது ஓடுகிற அழகைப் பார்க்கலாம் என்று நின்றபோதுதான் நீங்கள் நிற்கிற விதம் ஞாபகத்துக்கு வந்தது. எப்போதும் கால்வாய்க்கு முதுகைக் காட்டி, கீழ்வயலைப் பார்த்துத்தான் நிற்பீர்கள். பச்சையைப் பார்த்து ரசிக்கிறீர்கள் என்று இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். நானும் அப்படித் திரும்பினேன். கரைமேல் மூன்று பேர் வந்துகொண்டிருந்தார்கள்.

நீங்கள் ரசிக்கவில்லை அண்ணாச்சி. காவல் நின்றிருக்கிறீர்கள்.

வாழைத் தோட்டத்தின் முக்குக்கு வந்ததும் ஓடுகிற தண்ணீரைப் பார்த்து மூவரும் நின்றார்கள். ஏதோ பேசிக்கொண்டார்கள். ஒருவன் குனிந்து வாழை மூட்டில், அடிமரத்தோரமாக, எதையோ வைத்தான். பிறகு வெறுங்கையோடு வந்தார்கள்.

"தண்ணி வருது போல" என்றான் சுடலை.

"வருதுடே. கடைமடைக்குத்தான் மொதல்ல."

"யாரு சொன்னா?"

"நான் சொல்லுதேன்."

என்னை மேலும் கீழும் பார்த்தான். "பனங்காட்டு மொதலாளி தண்ணி மொற சொல்லுத காலம் வந்துட்டா?" என்றான். மற்ற இரண்டு பேரும் சிரித்தார்கள். சுடலை சிரிக்கவில்லை. மூன்று பேரும் இறங்கி, கால்வாயில் தங்கியிருந்த சேற்றைக் கையாலேயே வழித்துவிட்டுக் கிளம்பினார்கள்.

வாழை மூட்டில் வைத்ததை விட்டுவிட்டுப் போவார்கள் என்று பார்த்துக்கொண்டே நின்றேன். குனிந்து எடுத்துக்கொண்டுதான் போனார்கள்.

அந்தச் சாக்கை இன்னும் எடை மெஷினிலிருந்து இறக்கவில்லை. உங்களிடமிருந்து நிலம் நீச்சு எதுவும் என்னிடம் வரவில்லை அண்ணாச்சி. தண்ணீருக்கு முதுகைக் காட்டி நிற்கிற அந்த வழக்கம் ஒன்றுதான் வந்திருக்கிறது. நாளைக்கும் விடியுமுன் போகவேண்டும்.