காய்ச்சலோடு ஓடாதே, வளவா

வளவா,

தண்ணீர் பிடித்துவிட்டேன். பால் காய்ச்சி மூடியிருக்கிறது. இட்லி ஹாட்பாக்ஸில். செராமிக் கம்பெனியில் இன்று சூளை பிரிக்கிறார்கள், அதனால் சீக்கிரம் கிளம்புகிறேன்.

"நாலு ரவுண்டு ஓடினா வேர்த்துக் காய்ச்சல் எறங்கிடும் மாமா. கிரவுண்டுல எல்லாரும் அப்படித்தான். உங்களுக்குத்தான் எதுக்கெடுத்தாலும் பயம்" என்று நேற்று கோபித்துக்கொண்டு படுத்துவிட்டாய். உன் அக்காவும் இதையேதான் நம்பினாள். அதே போலீஸ் தேர்வு, அதே கிரவுண்டு.

அவள் நம்மை விட்டுப் போன பிறகு டாக்டர் எனக்கு விளக்கினார். நல்ல உடம்போடு அளவாக ஓடினால், தசைகள் அனுப்பும் சமிக்ஞைகள் உள்ளே இருக்கும் அழற்சியைத் தணிக்கும். மூச்சு முட்ட ஓடினால் அழற்சி ஏறி, ஓய்வில் இறங்கும். காய்ச்சலில் உடம்பு ஏற்கெனவே கிருமியோடு சண்டையில் இருக்கிறது. அப்போது மூச்சு முட்ட ஓடினால் அழற்சி இதயத் தசையையே பிடித்துக்கொள்ளலாம். அவள் இதயத்தை அப்படித்தான் பிடித்துக்கொண்டது.

உன் ஷூவை என் பையில் எடுத்துப் போகிறேன். திட்டிக்கொள். காய்ச்சல் விட்டதும் முதலில் நட. டாக்டர் சரி என்றால் ஓடு.

மாத்திரை பிரிட்ஜ் மேல். சாப்பிட்டுப் போடு.

பெண்ணாடத்திலிருந்து உன் அம்மா வருவார்கள். காய்ச்சல் என்று மட்டும் சொல். ஓடக் கிளம்பினதைச் சொல்லாதே.

பி.கு. அக்கா கடைசியாக என்ன சொன்னாள் என்று பல தடவை கேட்டாய். வாசலில் நின்று சொன்னாள்: "ஒடம்பெல்லாம் வலிக்குதுங்க. ஓடிட்டு வந்து படுத்துக்கறேன், கதவத் தாழ் போடாதீங்க."