மாப்பிள்ளைக் காரின் நடுக்கம்

அப்பா,

உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவருக்கும் இத்தால் அறியத்தருவது யாதெனில், எங்கள் வீட்டுச் செங்கோழி இன்று காலை உங்கள் காரின் பின் ஆசனத்தில் தனது முதலாவது முட்டையை இட்டது. தாயும் முட்டையும் நலம்.

முட்டையை எடுக்கக் கதவைத் திறந்தேன். உள்ளே இன்னும் மண்ணெண்ணெய் மணக்கிறது. சண்டையில் பாதை மறுபடி பூட்டுப்பட்டு, பெற்றோலும் இல்லாமல் போய், நீங்களும் இல்லாமல் போய் ஒரு வருடமாகிறது. கார் வேம்பின் கீழே நிற்கிறது. ஓடாவிட்டாலும் பயணிகளுக்குக் குறைவில்லை, எல்லாம் கோழிகள்தான்.

அந்த மணம் மூக்கில் ஏறியதும் பரந்தன் மாப்பிள்ளையை ஏற்றிய கலியாணம் ஞாபகத்துக்கு வந்தது. என் வீரச் செயலை உங்களுக்கே மறுபடி சொல்லப் போகிறேன். இந்த முறை நீங்கள் குறுக்கே கதைக்க முடியாது.

அப்போது சண்டை நின்று பாதை திறந்த புதிது. அதுவரை பெற்றோல் வராததால் எங்கள் கார் மண்ணெண்ணெய் குடித்தே வளர்ந்தது. ஸ்ரார்ட் பண்ண மட்டும் சேலைன் போத்தலில் பொத்தி வைத்த பெற்றோலில் நாலு சொட்டு விடுவீர்கள். மாப்பிள்ளையின் பட்டு வேட்டியில் புகை மணக்கக்கூடாது என்று அன்று காலை என்னையும் ஏற்றிக்கொண்டு போய்க் கிளிநொச்சியில் தாங்கி நிறையப் பெற்றோல் அடித்தீர்கள். “கன வருசத்துக்குப் பிறகு வயிறு நிறைஞ்சிருக்கு இவளுக்கு” என்று காரைத் தட்டிக் கொடுத்தீர்கள்.

நிறைந்த வயிற்றோடு அவள் பரந்தன் வரை வந்தாள். மாப்பிள்ளை வீட்டு வாசலில் நிறுத்தியதுதான் தாமதம், காய்ச்சல்காரி போல நடுங்கத் தொடங்கினாள். காலால் அமத்தினால் உறுமுவாள். காலை எடுத்தால் குலுங்கிக் குலுங்கி நின்றுவிடுவாள். நேரம் ஒன்பது மணி. பொம்பிளை வீடு உடையார்கட்டில், ஒரு மணித்தியால ஓட்டம். முகூர்த்தம் பத்தரைக்கு.

மாப்பிள்ளையின் பெரியப்பா வாசலுக்கு வந்தார். சொந்தமாக உழவு மெசின் வைத்திருப்பவர்.

“என்ன ஐசே, இது கலியாணக் காரோ, அரிசி ஆலையோ?”

“ஒரு அஞ்சு நிமிசம் அண்ணை. பிளக் பாக்கிறன்.”

“பிளக் இல்லை, பெற்றோலிலை தண்ணி. நான் அப்பவே சொன்னனான், உழவு மெசினிலை ஒரு கதிரையைப் போட்டு இவனை ஏத்துவம் எண்டு.”

மாப்பிள்ளை தலைப்பாகையைப் பிடித்துக்கொண்டு, “கதிரையைக் கட்டுவியளோ, இல்லை நான்தான் பிடிக்கோணுமோ?” என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நீங்கள் சிரிக்கவில்லை. பாதை திறந்த பிறகு கிடைத்த முதல் கலியாண ஓட்டம் அது. மாப்பிள்ளை உழவு மெசினில் போனால், அடுத்த மாப்பிள்ளை எங்கள் வீட்டுப் படலையைத் திறக்கமாட்டார்.

பிளக்குகளைக் கழற்றித் துடைத்தீர்கள். நடுக்கம் நிற்கவில்லை. கொஞ்சப் பெற்றோலைக் கண்ணாடிக் குவளையில் எடுத்து வெயிலில் பிடித்தீர்கள். அடியில் தண்ணீர் இல்லை. பெரியப்பாவுக்குப் பெருத்த ஏமாற்றம். பிறகு பெற்றோல் குழாயைக் கழற்றித் தாங்கிப் பக்கமாக ஓங்கி ஊதினீர்கள். பூட்டி ஸ்ரார்ட் பண்ணியதும் கார் பூனைக்குட்டியாய் நின்றது. மாப்பிள்ளை ஒரு காலை உள்ளே வைத்தார். திரும்ப நடுக்கம். காலை வெளியே எடுத்தார்.

அப்போதுதான் பதின்மூன்று வயது மேதையாகிய நான் முன்னே வந்தேன்.

“அப்பா, நீங்கள் ஊதினாப் பிறகுதானே நல்லா நிண்டது? அவளுக்குக் காத்துத்தான் காணாது.”

“விசர்க்கதை கதையாதை. கார் பெற்றோலிலை ஓடுறதோ, காத்திலை ஓடுறதோ?” என்றார் பெரியப்பா.

நான் பின்னால் போய்த் தாங்கி மூடியைத் திருகினேன். “உஸ்ஸ்...” என்று ஒரு சத்தம். தாங்கி நெடுமூச்சு வாங்கியது. மூடியின் உள்ளே, காற்றுப் போகும் சின்னத் துளையை அடைத்தபடி, இரண்டாய் மடித்த பொலித்தீன் துண்டொன்று. பெற்றோல் போகப் போக அந்த இடத்துக்குக் காற்று வரவேண்டும், வழி இல்லை. நீங்கள் துண்டை உருவியெடுத்து மூடியைப் பூட்டினீர்கள். கார் நடுங்காமல் நின்றது.

“உதென்னது?” என்று பெரியப்பா எட்டிப் பார்த்தார்.

“ஏதோ குப்பை” என்று சொல்லி அதைச் சட்டைப் பைக்குள் வைத்தீர்கள். “ஏறுங்கோ மாப்பிள்ளை.”

பத்து இருபத்தைந்துக்கு உடையார்கட்டுப் பந்தல். சாப்பாட்டுப் பந்தியில் என் தோளில் கைபோட்டு, “என்ர மகன்தான் கண்டுபிடிச்சவன்” என்று எத்தனை பேருக்குச் சொன்னீர்கள்! அன்று தொடக்கம் ஊரில் நான் கார் டொக்டர். பள்ளிக்கூடத்தில் இந்தக் கதையைச் சொல்லும்போது பெரியப்பா கும்பிட்டார் என்றுகூடச் சேர்த்திருக்கிறேன்.

இனி ஒரு சின்ன விசயம் அப்பா. கோபிக்க வேண்டாம்.

அந்தப் பொலித்தீனை வைத்தது நான்தான். பெற்றோல் அடித்துவிட்டு நீங்கள் தேநீர் குடிக்கப் போன நேரம், அருமந்த பெற்றோல் ஆவியாகிப் போகாமல் காப்பாற்றுவோம் என்று கையோடு கொண்டுவந்த என் கணக்குக் கொப்பியின் பொலித்தீன் உறையில் ஒரு துண்டை வெட்டி மூடிக்குள் இறுக்கினேன். நீங்கள் குழாயில் ஊதியபோதே எனக்கு விளங்கிவிட்டது. மேதையும் இல்லை, மண்ணும் இல்லை. அடிக்குப் பயந்து வாய் திறக்காமல் நின்றவன், மாப்பிள்ளை காலை வெளியே எடுத்த பிறகுதான் திறந்தேன்.

உறையில் ஒட்டியிருந்த, என் பெயரும் வகுப்பும் எழுதிய தாளும் நான் வெட்டிய மூலையோடு போய்விட்டதை வீட்டுக்கு வந்து கொப்பியைப் பார்த்தபோதுதான் கண்டேன். நீங்கள் அதை வாசித்துவிட்டுத்தான் பைக்குள் வைத்தீர்களா என்று ஒருநாளும் கேட்கவில்லை. அந்தப் பாராட்டு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது, அப்பா. திருப்பித் தர வந்தால் நீங்கள் இல்லை.