உன் முகத்தில் நடந்த தெரு

இன்று சாயங்காலம் உன் அப்பா எங்கள் வீட்டுக்கு வந்தார். வாசலில் அவர் செருப்பைக் கழற்றும்போதே அந்தப் புளித்த வாடை உள்ளே வந்துவிட்டது. உங்கள் ஸ்டுடியோ இருட்டறையில் படம் கழுவுகிற மருந்தின் வாடை. உன் தாவணியில் எப்போதும் இருக்குமே, அதேதான். நீதான் வந்துவிட்டாய் என்று ஒரு கணம் எழுந்து நின்றேன். காய்ச்சலில் நீ போய் இன்றோடு இருபத்தேழு நாள்.

அவர் கையில் ஒரு படம் இருந்தது. உன் அத்தை மகளை எப்போதோ எடுத்தது. அவள் மூக்கைப் பென்சிலால் கூராக்கி, புருவத்தை வளைத்து, அவளை நீயாக மாற்றப் பார்த்திருக்கிறார். முப்பதாம் நாள் பூசைக்கு வீட்டில் வைக்க ஒரு முகம் வேண்டுமாம். உன் தம்பியைப் படம் எடுத்த மறுமாதமே அவன் இறந்துபோனதால், கல்யாணத்துக்கு முன்னால் உன்மேல் காமிரா படக்கூடாது என்று உன் அம்மா காத்துவைத்தாளே.

"அண்ணாச்சி, இந்த ஊரு மூஞ்சி பூராவும் எங்கிட்ட கண்ணாடி பிளேட்டுல இருக்கு. எம் பிள்ள மூஞ்சி மட்டும் இல்ல" என்று என் அப்பாவிடம் சொன்னார். பிறகு என்னிடம் திரும்பினார். "நீதான அவகூடயே திரிவ. அவ மாதிரி வந்திருக்காளா, சொல்லு."

வரவில்லை. "வந்திருக்கு மாமா" என்றேன்.

"கண்ணு?"

"கண்ணும்தான்."

கொடுத்த காப்பியைக் குடிக்காமலே எழுந்து போனார்.

இப்போது எல்லாரும் தூங்குகிறார்கள். யுத்தத்துக்காக விளக்கில் சுற்றிய கறுப்புக் காகிதத்தைக் கொஞ்சம் விலக்கி, கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். அப்பா புரண்டு படுத்தாலும் பென்சில் நின்றுவிடுகிறது. என் பெட்டியில், பாவாடைகளுக்கு அடியில், துண்டில் சுற்றிய, உன் முகம் விழுந்த கண்ணாடி பிளேட் இருக்கிறது.

நான் பெரியவளானதும் அப்பா படிப்பை நிறுத்தப் பார்த்ததும், பள்ளிக்கூடத்து மதர் வீடு தேடி வந்து கெஞ்சியதும் உனக்குத் தெரியும். "வீடு விட்டா பள்ளிக்கூடம், பள்ளிக்கூடம் விட்டா வீடு. நடுவுல எங்கயும் கால் வச்சா அன்னைக்கே படிப்புக்கு முழுக்கு" என்று சொல்லித்தான் விட்டார். அது தெரிந்தும், தையல் வகுப்பு நேரத்தில் என்னை உங்கள் ஸ்டுடியோ மாடிக்கு இழுத்துப் போனாய். உன் அப்பா ஒரு கல்யாணத்தைப் படம் எடுக்க ஆத்தூருக்குப் போயிருந்தார்.

"எதுத்தாப்புல எங்க அப்பா கடை இருக்குளா!" என்று ஜன்னலை விட்டு ஒதுங்கினேன்.

"இருக்கட்டுமே. அவரு கருப்பட்டியைப் பாப்பாரு, மேலயா பாப்பாரு?"

முதலில் ஜன்னல் வழியாகத் தெருவை எடுத்தாய். "அந்தா குடை பிடிச்சுப் போறாருல்லா, அவரு நேத்துத்தான் கொழும்புக் கப்பல்ல வந்து எறங்கியிருக்காரு. வீட்டுக்குப் போகப் பயந்துகிட்டு இதே தெருவுல மூணாவது தடவையா நடக்காரு."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"நடையைப் பாரு. கதை முழுக்க அதுல இருக்கு."

பிறகு நாற்காலியில் போய் உட்கார்ந்தாய். "இப்ப என்னை எடு" என்றாய். உன் அம்மாவின் பயத்தைச் சொன்னேன். "காமிராக்காரன் மவ நான். எம் மூஞ்சி படத்துல எப்படி விழும்னு எனக்கே தெரியாது. எடுளா" என்றாய். அப்போது மட்டும் நீ சிரிக்கவில்லை.

காமிராவில் செருகும் மரச்சட்டத்தில் முன்னால் ஒரு கண்ணாடி பிளேட், பின்னால் ஒரு பிளேட். சட்டத்தைத் திருப்பிப் போடச் சொன்னாய். நான் பயத்தில் மறந்தேன். தெரு விழுந்த பிளேட்டிலேயே உன்னையும் விழவைத்தேன்.

ஒரு வாரம் கழித்துப் நீயே இருட்டறையில் கழுவி எடுத்த அந்தப் பிளேட்டைப் பள்ளிக்கூடக் கிணற்றடியில் வைத்துக் காட்டினாய். "ஏளா கூமுட்டை, என்ன செஞ்சிருக்க பாத்தியா?" நான் அழுதேன். நீ சிரித்த சிரிப்பில் கிணற்றுக் காக்கைகள் பறந்தன. "அழாத. டாக்கீஸ்ல கதாநாயகி பழசை நெனச்சா இப்படித்தான் காட்டுதான். முகமும் இருக்கும், முகத்துக்குள்ள ஊரும் இருக்கும்."

வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தோம். இருட்டு வெளிச்சமாகவும் வெளிச்சம் இருட்டாகவும் தெரிந்தது. உன் கன்னத்தின் குறுக்கே ஒரு குதிரை வண்டி. காதோரம் அந்தக் குடைக்காரர். நெற்றியில், தோளில் துண்டோடு, இடுப்பில் கை வைத்துக்கொண்டு...

"எங்க அப்பால்லா!"

"ஆமா. கேக்காம கொள்ளாம எம் நெத்தியில ஏறி நிக்காரு."

கண்ணாடி கிடைக்காத யுத்த காலம் என்று, கெட்டுப்போனதையெல்லாம் உன் அப்பா சுரண்டி, படங்களுக்குச் சட்டம் போடுகிற கண்ணாடியாக்கிவிடுவார். அதனால்தான் அதை என்னிடம் கொடுத்தாய்.

இப்போது அதை உன் அப்பாவிடம் கொடுத்தால், எடுத்தது யார், எப்போது என்று கேட்பார்கள். என் அப்பா கேட்கவே வேண்டாம், அவரே அதில் நிற்கிறார். அன்றோடு பள்ளிக்கூடம் முடிந்தது. சாத்தான்குளத்திலிருந்து ஏற்கெனவே பெண் கேட்டு ஆள் வந்து போயிருக்கிறது.

கொடுக்காவிட்டால், இன்னும் மூன்று நாளில் உன் அம்மா உன் அத்தை மகளின் முகத்துக்கு முன்னால் முழங்கால் போட்டு அழுவாள். அது நீ இல்லை என்று பார்த்த உடனே அவளுக்குத் தெரியும். உன் அப்பாவின் பென்சில் கறை படிந்த கையைப் பார்த்துவிட்டு, அவளும் என்னைப் போலவே, "வந்திருக்கு" என்பாள்.

உங்கள் வாசலில் வைத்துவிட்டு ஓடி வந்துவிடலாமா என்றுதான் முதலில் நினைத்தேன். அது இன்னொரு பொய். விடிந்ததும், கடை திறக்கப் போவதற்கு முன்னால், என் அப்பா கையிலேயே கொடுக்கப்போகிறேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். முதலில் தன்னைப் பார்ப்பார், பிறகு உன்னை. அடித்தால் அடிக்கட்டும். அடித்து முடித்ததும், உங்கள் மாடிக்கு என்னோடு வரச் சொல்லிக் கேட்பேன். பென்சில் வேண்டாம் மாமா என்று உன் அப்பாவிடம் நானே சொல்ல வேண்டும்.

அதன்பிறகு என்னிடம் உன் படம் எதுவும் இருக்காது. ஆனால் அன்றைக்குச் சட்டத்தைச் செருகுவதற்கு முன்னால், கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு, காமிராவின் பின்கண்ணாடியில் உன்னைப் பார்த்தேன். தலைகீழாக இருந்தாய். சடை மேலே ஏறியது, கண்ணுக்கு மேலே வாய் இருந்தது. நான் பார்ப்பதை மறந்து, தெருவைப் பார்த்து மூக்கைச் சுருக்கி, உனக்குள்ளேயே ஏதோ சொல்லிக்கொண்டாய். அது எந்தப் பிளேட்டிலும் விழவில்லை. அது ஒன்று மட்டும் என்னிடம் இருக்கிறது.