அக்தோஸைக் கூட்டிப்போ

என் ஒட்டகக் குட்டியே,

அஸ்தானா போய்ச் சேர்ந்திருப்பாய். துக்கத்துக்கு வந்த கூட்டத்தில் இதை உன்னிடம் சொல்ல முடியவில்லை.

அன்று நல்ல வெயில். மலைப்பாதையில் பாதி புல், பாதி பனி. ஓடையை மூடியிருந்த பனிமேல் நம் நாய் அக்தோஸ் ஓடியது. பனி உடைந்து உள்ளே விழுந்துவிட்டது.

"போகாதீங்க, அதுவே ஏறி வந்துரும்!" என்று கத்தினேன்.

"அழுவுது பாரு. நீ இங்கயே நில்லு, இதோ வந்துர்றேன்," என்று சிரித்தபடி இறங்கினார் உன் அப்பா. அவர் காலடியிலும் பனி உடைந்தது.

அக்தோஸ் மட்டும் தானாக ஏறிவந்து, என் பக்கத்தில் நின்று உடம்பை உதறியது.

இந்த வாரமே வந்து அதைக் கூட்டிப்போய்விடு. நேற்று அதை அடிக்க விறகுக்கட்டையை ஓங்கினேன். விளையாட எறியப்போகிறேன் என்று நினைத்து, வாலை ஆட்டிக்கொண்டு நின்றது.

உன் அம்மா